தாழ்வாரத்தில் யார் இருக்கிறார்கள்?

1

யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு 1975இல் வெளியானது. அதன் மூல நிரலில் ‘பேனிக்’ என்று ஒரு சின்ன ஃபங்ஷன் இருக்கிறது. மொத்தமே நாலைந்து வரிதான். தன்னை அழைத்தவர் கொடுத்த செய்தியை முதலில் ஓரிடத்தில் குறித்துவைத்துக்கொள்ளும். இன்னும் டிஸ்கில் எழுதப்படாமல் நினைவகத்தில் மிச்சமிருப்பதை எழுதிவைக்கப் பார்க்கும். ‘பேனிக்’ என்ற சொல்லையும் அந்தச் செய்தியையும் கன்சோலில் அச்சிடும். பிறகு முடிவே இல்லாத ஒரு சுழலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான். கணினி நின்றுவிட்டது.

அந்தச் செய்திகளும் சிக்கனமானவை. கடிகாரம் இல்லை. ஸ்வாப் இடம் தீர்ந்துவிட்டது. ஃபைல் சிஸ்டம் காணோம். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தந்தி அடித்த காலத்து மொழி. அதே கோப்பில், கன்சோலில் அச்சிடும் ஃபங்ஷனுக்கு மேல் ஒரு குறிப்பு உண்டு: இது அச்சிடும்போது மற்ற எல்லா வேலையும் நின்றுபோகும், ஆகவே சும்மா அரட்டையடிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்ற பொருளில்.

இந்தச் சின்ன ஃபங்ஷன் ஏன் முக்கியம்? நீங்களோ நானோ எழுதும் சாதாரண நிரல் தப்பு செய்தால் பெரிய கவலையில்லை. அதற்கு மேலே கெர்னல் இருக்கிறது. நிரல் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டால் கெர்னல் அதைக் கொன்றுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கும். பிரவுசர் மூடிக்கொள்ளும், பாட்டு பாடிக்கொண்டிருக்கும். யாருக்கு எவ்வளவு நினைவகம், யாருக்கு இப்போது பிராசஸர், எந்தக் கோப்பு டிஸ்கின் எந்தப் பகுதியில் என்ற கணக்கெல்லாம் கெர்னலின் கையில் இருக்கிறது. அந்தக் கணக்கே தப்பு என்று ஒருநாள் கெர்னலுக்குத் தெரியவந்தால்? அதற்கு மேலே கேட்க ஆள் இல்லை. வேலியே பயிரை மேய்கிறது என்பார்களே, அந்த நிலை. இதில் கூடுதல் சங்கடம், தான் மேய்ந்துகொண்டிருக்கிறோம் என்று வேலிக்கே தெரிந்துவிட்டது.

அப்போது அது என்ன செய்ய வேண்டும்? நிற்க வேண்டுமா, சமாளித்துக்கொண்டு ஓட வேண்டுமா? நடந்ததை யாரிடம் சொல்ல வேண்டும்? இயங்குதளங்களின் அரை நூற்றாண்டு வரலாற்றை இந்தக் கேள்விகளை வைத்தே எழுதிவிடலாம்.

2

யூனிக்ஸுக்கு முன்னால் மல்டிக்ஸ். 1960களின் நடுவில் எம்.ஐ.டி., பெல் லேப்ஸ், ஜெனரல் எலெக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து தொடங்கிய பிரம்மாண்டமான முயற்சி. மின்சாரம், தண்ணீர் போல ஊருக்கே கணினிச் சேவை வழங்க வேண்டும் என்பது கனவு. அப்படியானால் அது நிற்கவே கூடாது. எனவே மல்டிக்ஸை எழுதியவர்கள் ஒவ்வொரு இடத்திலும் ‘இது தப்பாகப் போனால் என்ன’ என்று யோசித்து, மீள்வதற்கான நிரலையும் சேர்த்தே எழுதினார்கள்.

டாம் வான் விளெக் மல்டிக்ஸ் உருவாக்கத்தில் இருந்தவர். டென்னிஸ் ரிட்சியிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்ததைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். மல்டிக்ஸுக்காகத் தான் எழுதும் நிரலில் பாதி, பிழையிலிருந்து மீள்வதற்கே போகிறது என்றாராம் இவர். நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டோம் என்றாராம் ரிட்சி. பிழை வந்தால் பேனிக் என்று ஒன்றை அழைப்போம், மெஷின் படுத்துவிடும், தாழ்வாரத்தைப் பார்த்து ‘ஏய், அதைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணு’ என்று ஒரு சத்தம் போடுவோம், அவ்வளவுதான் என்று.

கேட்டால் சிரிப்பு வருகிறது. சோம்பேறித்தனம் போலவும் தெரிகிறது. ஆனால் இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பெல் லேப்ஸ் 1969இல் மல்டிக்ஸிலிருந்து விலகியது. அந்த ஆண்டு கென் தாம்ஸனுக்குக் கிடைத்தது பிடிபி-7 என்ற சின்ன மெஷின். பிழை மீட்புக்குப் பாதி நிரலை ஒதுக்க அங்கே இடமே கிடையாது. அதைவிட முக்கியம், அந்த மெஷினைப் பயன்படுத்தியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள். குரல் கொடுத்தால் காதில் விழும் தூரம்.

மீட்பு நிரலுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. அது அபூர்வமாகத்தான் ஓடும். அபூர்வமாக ஓடும் நிரலை யாரும் சரியாகச் சோதித்திருக்க மாட்டார்கள். நிலைமை ஏற்கெனவே மோசமாக இருக்கும் நேரத்தில், சோதிக்கப்படாத நிரலின் கையில் பொறுப்பைக் கொடுக்கிறோம். நாலு வரி பேனிக்கில் தப்பு செய்ய இடம் குறைவு.

மல்டிக்ஸிலிருந்தே ஒரு கதை. பெர்னார்ட் கிரீன்பெர்க் என்ற நிரலாளர், நடக்கவே வாய்ப்பில்லாத ஒரு நிலைக்குப் பிழைச் செய்தி எழுத வேண்டியிருந்தது. கோப்பு மரத்தின் வேருக்கு உடன்பிறப்பு இருக்க முடியாது. வேர் என்றால் ஒன்றுதான். அப்படி இரண்டாவதாக ஒன்று தென்பட்டால்? எப்படியும் வராது என்ற தைரியத்தில், ‘இன்று வேருக்கு ஒரு சகோதரன் பிறந்தான்’ என்று பொருள்படும்படி லத்தீனில் எழுதிவைத்துவிட்டார். ஒருநாள் அது நிஜமாகவே திரையில் வந்து நின்றது. பார்த்தவர்களுக்கு லத்தீன் தெரியாது.

‘இந்த இடத்துக்கு வரவே கூடாது’ என்று குறிப்பு எழுதிவைத்த இடங்கள் எல்லாக் கெர்னல்களிலும் உண்டு. என்றைக்காவது ஒருநாள் வரும். வரும்போது அங்கே நிற்கப்போகிறவர் எழுதியவர் அல்ல. எழுதியவரின் மொழியோ வேடிக்கையோ தெரியாத வேறொருவர்.

3

தாம்ஸன் யூனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதியது 1969 ஆகஸ்டில். அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜூலை 20 அன்று, வேறொரு சின்னஞ்சிறு கெர்னல் இதே கேள்வியைச் சந்தித்தது. தாழ்வாரம் மட்டும் சற்று நீளம்: ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர்.

அப்பல்லோ 11இன் நிலவிறங்கு கலத்திலிருந்த கணினிக்கு எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள். நிரல் இருந்த நிலையான நினைவகம் 36,864 சொற்கள். அதற்குள் ஹால் லேனிங் வடிவமைத்த ‘எக்ஸிக்யூட்டிவ்’ என்ற பகுதி, முன்னுரிமை பார்த்து வேலைகளை ஓட்டியது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு நினைவகத் துண்டு ஒதுக்க வேண்டும். துண்டுகளின் எண்ணிக்கையோ குறைவு. முந்தைய வேலை முடிந்து துண்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்ததற்குக் கிடைக்கும்.

இறங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த நேரத்துக்குத் தேவைப்படாத சந்திப்பு ரேடாரின் மின்சுற்று, கணினியின் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகத் தின்றுகொண்டிருந்தது. வேலைகள் குறித்த நேரத்தில் முடியவில்லை. துண்டுகள் தீர்ந்தன. இதுவும் கெர்னலின் உள் பிழைதான்: கேட்கிறார்கள், கையில் கொடுக்க ஒன்றுமில்லை. யூனிக்ஸ் ஆக இருந்தால் பேனிக். ஆனால் நிலவுக்கு மேலே, கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் கலத்தில், முடிவற்ற சுழலுக்குள் போய் உட்கார முடியாது.

அந்தக் கணினி 1202 என்ற எண்ணைக் காட்டியது. காட்டிவிட்டுத் தன்னையே மறுதொடக்கம் செய்துகொண்டது. கலத்தை ஓட்டத் தேவையான முக்கிய வேலைகள் எங்கே விட்டனவோ அங்கிருந்து தொடங்கும்படி முன்பே எழுதப்பட்டிருந்தன, முக்கியமில்லாதவை கழற்றிவிடப்பட்டன. சில நொடிகளில் எல்லாம் பழையபடி. இது ஒருமுறை நடக்கவில்லை, இறங்கி முடிப்பதற்குள் திரும்பத் திரும்ப நடந்தது. நடுவில் 1201 என்று இன்னொரு எண்ணும் வந்தது.

இந்தக் கதையில் மென்பொருளைப் பாராட்டுவதோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். எனக்குப் பிடித்த பகுதி ஹூஸ்டனில் இருக்கிறது. 1202 என்பது வெறும் எண். அதைப் பார்த்த ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஆல்ட்ரினுக்கும் பொருள் தெரியவில்லை. முடிவெடுக்க வேண்டியவர் ஸ்டீவ் பேல்ஸ், வயது 26. அவருக்குப் பின்னறையிலிருந்து பதில் சொன்னவர் ஜாக் கார்மன், வயது 24. சில வாரங்களுக்கு முன்பு ஒத்திகையில் இப்படி ஓர் அலாரம் வந்தபோது, பொருள் புரியாமல் தரையிறங்குவதைக் கைவிடச் சொல்லியிருந்தார் பேல்ஸ். அது தேவையற்ற முடிவு என்று பிறகு தெரிந்தது. அதன்பின் வரக்கூடிய எல்லா அலாரங்களையும் பட்டியல்போடும்படி கட்டளை வந்தது. கார்மன் கைப்பட எழுதிவைத்திருந்தார்: இந்த எண் வந்தால் இன்ன பொருள், தொடர்ந்து வந்துகொண்டே இல்லாதவரை போகலாம்.

சில நொடிகளில் ‘போகலாம்’ என்ற பதில் மேலே போனது. அரை நிமிடம் கூட இல்லாத அந்த இடைவெளிக்குள் பிழைச் செய்தி ஒன்று அதன் முழுப் பயணத்தையும் முடித்தது. இயந்திரம் உண்மையைச் சொன்னது. அதைப் படிக்கத் தெரிந்த ஆள் கேட்கும் தூரத்தில் இருந்தார். அவர் கையில் ஒரு தாள் இருந்தது.

4

நிற்பதா, தொடர்வதா என்பதற்கு 1985இல் ஒரு தெளிவான வாதத்தை வைத்தார் ஜிம் கிரே. டேண்டம் என்ற கணினி நிறுவனத்தில் இருந்தவர். வங்கிகளும் பங்குச்சந்தைகளும் வாங்கும், நிற்காமல் ஓட வேண்டிய மெஷின்கள் டேண்டமுடையவை. கணினிகள் ஏன் நிற்கின்றன என்று கேட்டு அவர் எழுதிய அறிக்கை இன்றும் படிக்கப்படுகிறது. அதன் சாரம்: ஒரு பகுதி ஒன்று சரியாக வேலை செய்ய வேண்டும், அல்லது தப்பு என்று தெரிந்த கணத்திலேயே நின்றுவிட வேண்டும். அரைகுறையாக ஓடுவதுதான் ஆபத்து. பக்கத்தில் காத்திருக்கும் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.

நன்றாகச் சோதிக்கப்பட்டு வெளியே போன மென்பொருளில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் நழுவும் பிழைகள் என்றார் கிரே. பிடிக்கப் போனால் காணாமல் போகும். அதே வேலையை மறுபடி செய்தால் சரியாக நடக்கும். ஹைசன்பக் என்று இவற்றுக்குப் பெயர். ‘ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க’ என்று நாம் அத்தைக்கும் மாமாவுக்கும் சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல கோட்பாட்டு நியாயம் கிடையாது.

ஆனால் எல்லாப் பிழையும் நழுவாது. 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரு. ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். ராக்கெட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் கருவியில் இரண்டு கணினிகள்: ஒன்று ஓடும், ஒன்று மாற்று. ஏரியன் 4இல் நன்றாக ஓடிய மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். ஏரியன் 5 பக்கவாட்டில் இன்னும் வேகமாகப் போகும். 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடைக்கப் பார்த்தபோது அது கொள்ளவில்லை. அந்தக் கணக்கே ராக்கெட் கிளம்பிய பிறகு ஏரியன் 5க்குத் தேவையில்லாதது என்பது தனி வேதனை.

பிழை வந்தால் கணினி தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. பழுது என்றால் வன்பொருளில் எங்கோ தற்செயலாக வருவது என்ற நினைப்பில் எழுதிய விதி அது. ஒன்று போனால் மாற்று இருக்கிறது. ஆனால் மாற்றிலும் ஓடியது அதே நிரல். முதலில் நின்றது மாற்றுதான்; 72 மில்லி நொடி கழித்து மற்றதும் நின்றது. ஒரே பாடத்தை ஒரே தப்போடு மனப்பாடம் செய்த இருவரில், ஒருவர் மறந்தால் இன்னொருவர் எடுத்துக்கொடுக்க முடியாது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். நின்றுபோன கணினி, போகும்போது ஒழுங்காகத் தன் பிழை அறிக்கையை அனுப்பியது. அது போய்ச் சேர்ந்த இடம் ராக்கெட்டை ஓட்டும் முதன்மைக் கணினி. வந்தது பிழை அறிக்கை என்று அதற்குத் தெரியவில்லை. அந்த பிட்டுகளை ராக்கெட் சாய்ந்திருக்கும் கோணம் என்று எடுத்துக்கொண்டது. இல்லாத சாய்வைச் சரிசெய்ய எஞ்சின்களை முழுக்கத் திருப்பியது. ராக்கெட் உடைந்து, தன்னைத்தானே வெடிக்கச் செய்துகொண்டது. எஞ்சின் பற்றவைத்து 40 நொடி ஆகியிருக்கவில்லை. உள்ளே இருந்த நான்கு கிளஸ்டர் விண்கலங்களும் போயின.

‘எனக்கு முடியவில்லை’ என்று ஒருவர் சொன்னதை ‘இடது பக்கம் திரும்பு’ என்று கேட்டுக்கொண்டார் இன்னொருவர். விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ழாக்-லூயி லியோன்ஸ் என்ற கணிதவியலாளர். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் நிரலை வரிவரியாக விளக்கி உரை எழுதிய ஆஸ்திரேலியப் பேராசிரியர் பெயர் ஜான் லயன்ஸ். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்துகள். பல ஆண்டுகள் ஜெராக்ஸ் பிரதிகளாகக் கைமாறிய ஜான் லயன்ஸின் உரை முறையாக அச்சில் வந்ததும் அதே 1996இல்தான். ஒரு லயன்ஸ் பேனிக்கை விளக்கினார், இன்னொருவர் அதன் விலையைக் கணக்கெடுத்தார்.

5

இதற்கிடையில் கணினி ஆய்வகத்தை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. தாழ்வாரமே இல்லாத இடம். இனி கெர்னல் யாரிடம் கத்தும்? எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம்தான். அவருக்கோ கெர்னல் என்றால் என்னவென்றே தெரியாது.

ஆப்பிள் மெக்கின்டாஷுக்குப் படங்கள் வரைந்த சூசன் கேர், சிஸ்டம் பிழைக்குத் திரி பற்றிய ஒரு குண்டு வரைந்தார். சாதாரண ஆட்கள் இதைப் பார்க்கவே மாட்டார்கள் என்று பொறியாளர்கள் சொன்னதாக அவர் பிறகு சொல்லியிருக்கிறார். பார்த்தார்கள், நிறையவே. அமிகாவில் கறுப்புத் திரையில் சிவப்புக் கட்டம் கண்சிமிட்டி ‘குரு தியானம்’ என்று ஓர் எண்ணைக் காட்டும். செய்தவர்களுக்குள் இருந்த வேடிக்கை அது. லத்தீன் கதைதான் மறுபடியும்.

நீலத் திரை விண்டோஸ் என்.டி.யோடு 1993இல் வந்தது. எழுதியவர் ஜான் வெர்ட். ஏன் நீலம் என்பதற்குப் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. அவர் வேலை பார்த்த மிப்ஸ் மெஷினின் திரை நீலத்தில் வெள்ளை எழுத்து. அவர் பயன்படுத்திய எடிட்டரும் அப்படியே. அந்தத் திரையில் ஒரு குறியீட்டுப் பெயர், நாலு எண்கள், நினைவக முகவரிகள் இருக்கும். டிரைவர் எழுதும் பொறியாளருக்கு அது தங்கம். ரயில் டிக்கெட் எடுக்க நிற்பவருக்கு?

1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் விண்டோஸ் 98ஐக் காட்டிக்கொண்டிருந்தார் பில் கேட்ஸ். உதவியாளர் ஒரு ஸ்கேனரைச் சொருகினார். பெரிய திரை முழுக்க நீலம். அரங்கம் சிரித்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போல என்று சமாளித்தார் கேட்ஸ். அன்று அந்த அறையில் அதைப் படித்துத் திருத்தக்கூடிய நிறுவனத்தின் ஆட்கள் இருந்தார்கள். மற்ற நாட்களில், மற்ற அறைகளில், அந்த எண்களை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பவர் பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்கள். தகவல் அங்கேயே செத்தது.

ஆகவே ஒரு புதுத் தாழ்வாரம் கட்டப்பட்டது. பிழை நடந்ததும் நினைவகத்தின் ஒரு பகுதியைக் கோப்பாக்கி, அடுத்தமுறை கணினி ஓடும்போது இணையம் வழியாக மைக்ரோசாஃப்டுக்கு அனுப்புவது. ‘அனுப்பலாமா?’ என்று கேட்கும் அந்தப் பெட்டியை எக்ஸ்.பி. காலத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெரும்பாலோர் வேண்டாம் என்றே அழுத்தியிருப்போம். ஆனாலும் வந்து குவிந்தவை போதுமானவையாக இருந்தன. ஒரே மாதிரியான விபத்துகளை ஒரே வாளியில் போட்டு, எந்த வாளி நிறைகிறது என்று பார்த்தார்கள். மொத்தத் தொல்லையில் 80 சதவீதம் 20 சதவீதப் பிழைகளால் வருகிறது, ஒரே ஒரு சதவீதப் பிழைகள் மொத்தத்தில் பாதிக்குக் காரணம் என்று 2002இல் வாடிக்கையாளர்களுக்கு எழுதினார் ஸ்டீவ் பால்மர். ஒருவர் மட்டும் கத்தினால் சத்தம். லட்சம் பேர் ஒரே சொல்லைக் கத்தினால் அது வரைபடம்.

இதற்கு ஒரு விலை உண்டு. நினைவகப் பிரதியில் பிழை மட்டும் இருக்காது. நீங்கள் பாதி எழுதிய கடிதம் இருக்கலாம், கடவுச்சொல் இருக்கலாம். விண்டோஸ் பிழை அறிக்கைகளை அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. இடைமறித்துப் படிக்கிறது, குறிவைத்த கணினியின் பலவீனத்தை அறிய அது உதவுகிறது என்று 2013 டிசம்பரில் ‘டெர் ஸ்பீகல்’ எழுதியது. வலிக்கிறது என்று கத்தும்போது எங்கே வலிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். தாழ்வாரத்தில் வேறு யாரோவும் நின்றுகொண்டிருந்தார்கள்.

6

லினக்ஸ் இந்தச் சண்டையைத் திறந்த வெளியில், எல்லோரும் பார்க்க நடத்திக்கொண்டிருக்கிறது. அங்கே பேனிக்குக்குக் கீழே ‘ஊப்ஸ்’ என்று ஒரு படி உண்டு. கால் இடறினால் வாயிலிருந்து வருமே, அதே ஊப்ஸ். கெர்னலுக்குள் ஒரு வேலை தப்பான முகவரியைத் தொட்டால், அந்த வேலையை மட்டும் கொன்று, நடந்ததை விவரமாகப் பதிந்துவிட்டு, மிச்சத்தை ஓடவிடும். கூடவே தன்மேல் ஒரு முத்திரையும் குத்திக்கொள்ளும்: நான் கறைபட்டவன், இனி நான் சொல்வதைக் கொஞ்சம் யோசித்தே நம்புங்கள் என்று. மென்பொருளில் இவ்வளவு நேர்மையான வாக்குமூலத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2016 அக்டோபரில் லினக்ஸ் 4.8 வெளியானது. அதற்குச் சற்று முன்னதாக உள்ளே வந்த ஒரு மாற்றத்தில், ‘இப்படி ஆனால் மெஷினை நிறுத்து’ என்ற சோதனை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியான பிறகு அதைக் கவனித்த லினஸ் டோர்வால்ட்ஸ் கொதித்தார். கடைசி நேரத்தில் அதை ஏற்றுக்கொண்டதற்குத் தன்னையும் நொந்துகொண்டார். அவர் வாதம் இதுதான்: பிழையைக் கண்டுபிடிக்க எழுதிய சோதனை மெஷினைக் கொன்றுவிட்டால், பிழைச் செய்தி பதிவேட்டுக்குப் போய்ச் சேராது. திரையில் ஜன்னல்களும் படங்களும் ஓடும் லேப்டாப்பில் அதைப் பார்க்கவும் முடியாது. எச்சரித்துவிட்டு ஓடவிடு, அப்போதுதான் யாராவது புகார் அனுப்புவார்கள்.

மறுபக்கத்து வாதமும் வலுவானது. தன் கணக்கு கெட்டுவிட்டது என்று தெரிந்த கெர்னல் டிஸ்கில் எழுதுவதை எந்த நம்பிக்கையில் விடுவது? ஊப்ஸ் ஒவ்வொன்றும் சில பூட்டுகளையும் எண்ணிக்கைகளையும் பாதியில் விட்டுச்செல்லும். வேண்டுமென்றே திரும்பத் திரும்ப ஊப்ஸ் வரவைத்து, ஓர் எண்ணிக்கையை நிரம்பி வழியச் செய்து உள்ளே நுழைய முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன்பிறகு 10,000 ஊப்ஸுக்கு மேல் பொறுக்காதே, பேனிக் ஆகு என்று லினக்ஸ் 6.2இல் வரம்பு வைத்தார்கள். மடிக்கணினிக்காரர் ஓடட்டும் என்பார். ஆயிரக்கணக்கான சர்வர்கள் வைத்திருப்பவர், ஒன்று போனால் இன்னொன்று, சந்தேகம் வந்தால் நிறுத்து என்பார். இரண்டும் சரி. அவரவர் தாழ்வாரம் வேறு.

இந்த விவகாரத்தில் எனக்கு மிகப் பிடித்த தீர்வு கேடம்ப். எரிக் பீடர்மன், ஐ.பி.எம்.மின் விவேக் கோயல் முதலியோர் உழைத்து 2005இல் லினக்ஸுக்குள் வந்தது. யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் பேனிக், சாகும் முன் மிச்சத்தை டிஸ்கில் எழுதப் பார்த்தது நினைவிருக்கிறதா? புத்தி கலங்கியவர் கையால் உயில் எழுத வைப்பது போன்றது அது. கேடம்ப் அப்படிச் செய்யாது. மெஷின் தொடங்கும்போதே நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கே இரண்டாவது கெர்னல் ஒன்றைத் தூங்கவைத்துவிடும். முதலாவது பேனிக் ஆனால், கட்டுப்பாடு நேராக இரண்டாவதின் கைக்குப் போகும். அது சுத்தமாக எழுந்து, தான் இருக்கும் மூலையைத் தவிர மற்ற நினைவகத்தை ஒரு சடலத்தைப் பரிசோதிப்பது போல எடுத்து வைத்துவிட்டு, மெஷினைத் திரும்பத் தொடங்கும். செத்தவரை நம்பி மரண அறிக்கை எழுதக் கூடாது என்ற எளிய விவேகம். மாற்று என்பது தப்பு பரவாத இடத்தில் இருக்க வேண்டும் என்ற, ஏரியன் 5 சொன்ன பாடமும் இதில் இருக்கிறது.

7

2024 ஜூலை 19, இந்திய நேரம் காலை 9:39. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் மெஷின்களுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. கெர்னலுக்குள் ஓடும் அதன் மென்பொருள் அந்தக் கோப்பைப் படிக்கும். கோப்பு 21ஆவது மதிப்பு ஒன்றைக் கேட்டது. நிரலிடம் இருந்தது 20. இல்லாத இடத்தைத் தொட்டது. கெர்னல் பார்த்தது, நிறுத்தியது. நீலத் திரை.

கெர்னலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1975இன் பேனிக் செய்ததைத்தான் அதுவும் செய்தது. ஆனால் மெஷின் திரும்பத் தொடங்கும்போது அதே டிரைவர் முதல் ஆளாக ஏறும், அதே கோப்பைப் படிக்கும், அதே இடத்தில் விழும். கிரே சொன்ன நழுவும் பிழை இல்லை இது. சிலை மாதிரி அசையாமல் நின்ற பிழை. 78 நிமிடத்தில் திருத்தத்தை அனுப்பிவிட்டார்கள். வாங்கிக்கொள்ளத்தான் மெஷின்கள் விழித்திருக்கவில்லை. மைக்ரோசாஃப்டின் மதிப்பீடு 85 லட்சம் மெஷின்கள். உலகின் விண்டோஸ் கணினிகளில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் அந்த ஒரு சதவீதத்துக்குள் இருந்தன. இந்தியாவில் விமான ஊழியர்கள் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

கிளவுடில் இருந்த மெஷின்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஓர் அறிவுரை சொன்னது: திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், சிலருக்கு 15 முறை வரை தேவைப்பட்டிருக்கிறது. எழுவதற்கும் விழுவதற்கும் நடுவிலுள்ள அந்தச் சில நொடிகளில் திருத்தம் வந்துசேர்ந்தால் பிழைத்தது. மற்றவற்றுக்கு ஒரே வழிதான். ஓர் ஆள் நேரில் போக வேண்டும். சேஃப் மோடில் எழுப்பி, அந்தக் கோப்பைத் தேடி அழிக்க வேண்டும். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கச் சாவியைத் தட்ட வேண்டும். பிறகு அடுத்த மெஷின். பிறகு அடுத்தது.

ரிட்சி தாழ்வாரத்தில் போட்ட சத்தம் 55 ஆண்டு கழித்து 85 லட்சம் இடங்களில் ஒரே நேரத்தில் கேட்டது. கட்டணக் கவுண்டருக்குப் பின்னால், கூரையில் தொங்கும் திரைக்குப் பின்னால், ஆளில்லாத அறைகளில். தாழ்வாரத்தில் ஆள் தேவையில்லாதபடி எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் கட்டிய ஏற்பாடு அது. செலவு மிச்சம் என்று ஒவ்வொரு நிறுவனமும் கணக்கெழுதிய அந்த ஆட்கள், அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் தேவைப்பட்டார்கள்.

பிறகு பாடம் கற்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எழவே முடியாத மெஷினும் வெளியிலிருந்து திருத்தத்தை வாங்கிக்கொள்ளும்படி விண்டோஸில் ஒரு வழி செய்திருக்கிறார்கள். நீலத் திரை 2025இல் கறுப்பாகிவிட்டது. லினக்ஸ் தன் பேனிக்கைப் படமாக, கைபேசியால் படிக்கக்கூடிய கியூ.ஆர். கட்டமாகக் காட்டக் கற்றுக்கொண்டிருக்கிறது. நாலு வரியில் தொடங்கியது இப்போது ஆயிரக்கணக்கான வரிகளாகிவிட்டது. மல்டிக்ஸ்காரர்கள் பார்த்தால் புன்னகைப்பார்கள்.

எங்கள் தொழிலில் ‘ஆன்கால்’ என்று ஒரு முறை இருக்கிறது. இந்த வாரம் இரவு இரண்டு மணிக்குப் போன் அடித்தால் எழுந்து பார்க்க வேண்டியவர் இன்னார் என்று பட்டியல் போட்டிருப்போம். யாருக்கும் பிடிக்காத டியூட்டி. செலவைக் குறைக்கும் கூட்டங்களில் கத்தி முதலில் பாயும் இடமும் அதுதான். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது யூனிக்ஸ் பேனிக்கின் கடைசி வரி. அந்த முடிவற்ற சுழலுக்குள் மெஷின் ஒன்றுமே செய்வதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. கன்சோல் தாளில் ஒரு வரி இருக்கிறது. யாராவது நடந்து வருவார்கள் என்று எழுதியவருக்குத் தெரியும்.